சித்தியின் முடி

தலைமுடியை நேராக்கும் ஸ்ட்ரெய்ட்னர் வாங்க ஒரு பெண் கடைக்குப் போனால் கல்யாணம், விசேஷம் என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். நான் போனது, என் அம்மா என்னைக் கண்டு அலறாமல் இருக்க வேண்டும் என்பதற்காக.

அம்மாவுக்கு மறதி நோய் வந்து முற்றிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில். நான் திருத்துறைப்பூண்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தேன். தம்பி சிங்கப்பூரில் இருந்தான், இப்போதும் இருக்கிறான். அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்ற பேச்சே எங்கள் வீட்டில் எழவில்லை. கல்யாணம் ஆகாத பெண் ஒருத்தி இருக்கும் வீட்டில் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு வந்து சேர்ந்தேன். "நீ இருக்கிறதால எனக்குக் கவலையே இல்லக்கா" என்று தம்பி போனில் சொன்னான். அவனுக்குக் கவலை இல்லை என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை.

முதல் சில மாதங்கள் அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டாள். "பாப்பா" என்றுதான் கூப்பிடுவாள். ஐம்பது வயதைத் தாண்டியவளைப் பாப்பா என்று கூப்பிட உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் மிச்சம் இருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு, ஈரம் காயட்டும் என்று முடியை விரித்துப் போட்டபடியே அவளுக்குக் காப்பி கொண்டுபோனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்ததும் சுவரோடு சுவராக ஒடுங்கினாள். இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, வந்துட்டாளே! முடியக் கேட்டு வந்துட்டாளே! முடியெல்லாம் பெல்ட்டுல கெடக்குடி, நான் எங்கடி போவேன்!"

காப்பி தரையில் கொட்டியது. பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து பார்த்துவிட்டு, என்னை வெளியே போகச் சொன்னார். என் வீட்டை விட்டு என்னை வெளியே போகச் சொல்கிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நான் வெளியே போன பிறகுதான் அம்மாவின் அலறல் நின்றது.

அம்மாவுக்கு ஒரு தங்கை இருந்தாள். நான் பிறப்பதற்கு முன்பே, கல்யாணம் ஆகும் முன்பே செத்துப்போனவள். ஆயில் இஞ்சினில் மாட்டிச் செத்தாள் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அதற்கு மேல் யாரும் பேசமாட்டார்கள். அவள் போட்டோகூட வீட்டில் இல்லை. ஆனால் அவள் முடி எப்படி இருந்தது என்பது எனக்கு நன்றாகத் தெரியும், அது என் தலையில்தான் இருக்கிறது. சின்ன வயதில் சொந்தக்காரப் பெண்கள் என் தலையைத் தொட்டுப் பார்த்து, "அப்படியே சித்தி முடி" என்று சொல்வார்கள். உடனே யாராவது ஒருத்தி கண்ணைக் காட்டுவாள், பேச்சு வேறு பக்கம் போய்விடும். ஒரு கைக்குள் அடங்காத அடர்த்தி. நெற்றியிலிருந்து நுனி வரைக்கும் அலை அலையாக இறங்கும். நரையும் எங்கள் வகையில் தாமதம், காதோரம் மட்டும்தான்.

அந்த முடியை அம்மா ஒருநாளும் விரித்துப் போட விட்டதில்லை. தேங்காய் எண்ணெயைக் கவிழ்த்து, சீப்பால் மண்டை எரிய இழுத்து, இரட்டைச் சடை பின்னி மடித்துக் கட்டிவிடுவாள். என் கூடப் படித்த பெண்கள் எல்லாம் வெள்ளிக்கிழமை தலை குளித்துவிட்டு நுனியில் மட்டும் முடிச்சுப் போட்டுக்கொண்டு வருவார்கள். நான் ஈரத் தலையைப் பின்னிக்கொண்டு, சடை நாற, தும்மிக்கொண்டே போவேன். போர்செட் பக்கம் குளிக்கப் போனால் அடிதான். என் முடியைக் கண்டாலே அம்மாவுக்கு ஆகவில்லை என்றுதான் நெடுங்காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அலறல் அந்த ஒரு நாளோடு போகவில்லை. கொண்டை போட்டுப் பார்த்தேன். முன்நெற்றியில் வளைந்து நிற்கும் முடியைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். முந்தானையால் முக்காடு போட்டுக்கொண்டு போனேன். "யாரு செத்தது? யாரு செத்தது?" என்று நாள் முழுக்கக் கேட்டாள். வெட்டிவிடலாம் என்றால், இந்த மாதிரி முடி குட்டையானால் இன்னும் சிலிர்த்துக்கொண்டு தலையைச் சுற்றி நிற்கும். ஒருமுறை வெட்டிவிட்டு அனுபவித்தவள் நான். டாக்டர் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். தூங்கினாள். எழுந்து பார்த்தால் நான் அதே முடியோடுதான் எதிரில் நிற்கிறேன்.

அப்படி அலறும்போதுதான் மிச்சக் கதையும் துண்டு துண்டாக வெளியே வந்தது. அது மழை ஏமாற்றிய ஒரு கார்த்திகை. வானம் மூடிக்கொண்டு, சொட்டு விழாமல், வெயிலும் இல்லாமல் இருந்திருக்கிறது. சம்பாப் பயிருக்கு இஞ்சின் வைத்து இறைத்துக்கொண்டிருந்தார்கள். சித்தியைப் பெண் பார்க்க மாயவரத்திலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. அக்காவும் தங்கையும் போர்செட்டில் எண்ணெய் தேய்த்துக் குளித்தார்கள். வெயில் இல்லாமல் அந்த முடி எப்போது காய்வது, எப்போது பின்னிப் பூ வைப்பது? இஞ்சின் கொட்டகைக்குள் அனலாக இருக்கும், சக்கரமும் அதில் மாட்டிய பெல்ட்டும் சுற்றுவதில் காற்றும் அடிக்கும். அப்படி நின்று முடி காய வைப்பது ஊரில் பெண்களுக்குப் பழக்கம்தானாம்.

"நான்தானேடி சின்னக்குட்டி அங்க நிக்கச் சொன்னேன். சீக்கிரம் காயும்னு நான்தானே சொன்னேன். இன்னும் கொஞ்சம் கிட்டப் போடின்னு நான்தானேடி சொன்னேன்."

இதை அம்மா என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாள். பெற்ற தாய் மகளைக் கும்பிடுவதைப் பார்க்கக் கூடாது. நான் பார்த்தேன், பல நாள் பார்த்தேன். அம்மா வாழ்நாள் முழுக்க வாயைத் திறக்காமல் சுமந்த விஷயம் அது. அப்பா இருந்தபோது அவரிடமாவது சொல்லியிருப்பாளா என்று தெரியவில்லை. மறதி நோய் எல்லாவற்றையும் தின்றுவிட்டு இதை மட்டும் மிச்சம் வைத்ததே என்று எனக்கு ஆத்திரமாக இருந்தது.

அதனால்தான் ஸ்ட்ரெய்ட்னர். முதலில் தம்பி சிங்கப்பூரிலிருந்து ஆர்டர் போட்டு வீட்டுக்கு ஒன்று அனுப்பினான். சீப்பு மாதிரி இருந்தது, சீவிக்கொண்டே போனால் நேராகிவிடுமாம். அது என் முடியைக் கொஞ்சம் சமாதானம் செய்து பார்த்தது, அவ்வளவுதான். ஐப்பசி ஈரக்காற்றில், உலையில் அரிசி வேகும் நேரத்துக்குள் முடி பழையபடி எழுந்து நின்றது. பார்லரில் மருந்து போட்டு மாதக்கணக்கில் நேராக வைத்திருக்கலாம் என்றார்கள். அதற்குப் பாதி நாள் உட்கார வேண்டும். அம்மாவை அவ்வளவு நேரம் யார் தலையில் கட்டுவது?

பக்கத்து வீட்டு அக்காவை உட்கார வைத்துவிட்டு ஒரு நாள் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினேன். அழகு சாமான்கள் விற்கும் ஒரு பெரிய கடை. அங்கே வேலை செய்த பெண்ணுக்கு இருபது வயது இருக்கலாம், பளபளவென்று நேரான முடி.

"சொல்லுங்க ஆன்ட்டி, ஃபங்ஷனுக்கா?"

"ஆமா, வீட்டு ஃபங்ஷன்."

என் கொண்டையை அவிழ்க்கச் சொன்னாள். அவிழ்த்ததும், "ஐயோ, எவ்ளோ முடி! இதைப் போய் ஸ்ட்ரெய்ட் பண்ணப் போறீங்களே ஆன்ட்டி! காசு குடுத்து இப்படி வேவியா பண்ணிக்கிறாங்க" என்றாள். நான் சிரித்து வைத்தேன்.

கடையிலேயே விலை கூடியதை எடுத்து முதலில் நீட்டினாள். நான் கணக்கு டீச்சர், அப்படி லேசில் ஏமாற மாட்டேன். ஒல்லியான தகடு வேண்டாம், இந்த அடர்த்திக்கு ஒவ்வொரு பிரியாக எடுத்து இழுத்தால் காலைச் சோறு மதியம் ஆகிவிடும். அகலத் தகடு வேண்டும். சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் வசதி வேண்டும், முன்நெற்றி முடி மெல்லியது, பின்னந்தலை முடி தேங்காய் நார், இரண்டுக்கும் ஒரே சூடு ஆகாது. தகட்டின் ஓரம் வளைந்திருக்க வேண்டும், கூர்மையாக இருந்தால் முடியில் கோடு விழும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கேள்வி இருந்தது.

"எங்க ஊர்ல மோட்டார் ஓடுற நேரத்துல கரண்ட் ரொம்பக் கம்மியா வரும்மா. அப்பவும் இது சூடு ஏறுமா?"

"ஒரு வருஷம் வாரண்டி இருக்கு ஆன்ட்டி" என்றாள். கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தம் இல்லை. இருந்தாலும் வலது காதோரம் ஒரு பிரியை எடுத்து, தகடுகளுக்கு நடுவில் வைத்து, மெதுவாகக் கீழே வரைக்கும் இழுத்துக் காட்டினாள். லேசாக ஆவி வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். ஒரு பக்கம் சித்தி. இன்னொரு பக்கம் யாரோ ஒருத்தி.

"இது எவ்வளவு நேரம் நிக்கும்?"

"தலை குளிக்கிற வரைக்கும் நிக்கும் ஆன்ட்டி. ஆனா எண்ணெய் மட்டும் வச்சிராதீங்க."

அந்த அகலத் தகடு ஸ்ட்ரெய்ட்னரையே வாங்கினேன். திரும்பி வரும் பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். நாளையிலிருந்து அம்மா என்னைப் பாப்பா என்று கூப்பிடுவாள் என்று நிச்சயமாக நம்பினேன். பேய் மாதிரி நிற்பது இந்த முடிதான், முடி போய்விட்டால் மகள் திரும்பி வந்துவிடுவாள். எனக்கு அது நேர்க் கணக்காகத் தெரிந்தது.

மறுநாள் காலை எழுந்ததும் பல் தேய்த்தேன், முகம் கழுவினேன், கை தன்னால் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துத் தலையில் தேய்த்துவிட்டது. எத்தனை வருடப் பழக்கம்! கண்ணாடி முன்னால் நின்று முதல் பிரியைத் தகட்டுக்குள் வைத்த பிறகுதான் சுரீரென்று புகை கிளம்பியது. வீடு முழுக்கக் கருகல் நாற்றம். "எந்த வீட்டுலயோ அடுப்புல என்னமோ கருகுதே, பாருங்களேன்" என்று அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். சீயக்காய் போட்டு அலசி, துவட்டி, காய வைத்து மறுபடி ஆரம்பித்தேன். அதற்குள் மோட்டார்களைப் போட்டுவிட்டார்கள். பல்பு சோகை பிடித்தாற்போல் எரிந்தது, தகடு சூடாவேனா என்றது. ஒரு வழியாக முடித்துவிட்டு, நேராகத் தொங்கும் முடியை ரப்பர் போட்டுக் கட்டிக்கொண்டு, இட்லித் தட்டோடு அம்மாவிடம் போனேன்.

அம்மா ஏறிட்டுப் பார்த்தாள். அலறவில்லை. ஒடுங்கவில்லை. புடவையைச் சரிசெய்துகொண்டு, கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

"வாங்க, உக்காருங்க. எந்த ஊர்லேருந்து வர்றீங்க?"

என்னைப் பெற்றவள் என்னை 'வாங்க' என்றாள்.

பயம் போய்விட்டது, அதைச் சொல்லியாக வேண்டும். அந்த ஐப்பசியும் கார்த்திகையும் வீட்டில் அலறலே இல்லை. தினமும் விடிவதற்குள், மோட்டார் போடுவதற்கு முன்பு, முடியைத் தகட்டில் இழுத்து நேராக்குவேன். அம்மா தினமும் என்னை மரியாதையாக வரவேற்பாள். முடி நுனியெல்லாம் வைக்கோல் மாதிரி ஆனது, காதில் இரண்டு சூடு விழுந்தது. பக்கத்து வீட்டு அக்கா, "எப்படியோ அமைதியா இருக்காங்கள்ல, அது போதும்" என்றார். எனக்குப் போதவில்லை. தம்பி வீடியோவில் வந்தால் அவனையும் அம்மாவுக்குத் தெரியாதுதான். ஆனால் அவன் போனை வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடலாம்.

அதோடு நின்றிருந்தால் சகித்துக்கொண்டிருப்பேன். விருந்தாளியை வேலை வாங்கக் கூடாது என்பது அம்மாவின் ரத்தத்தில் ஊறியது. நான் அவளுக்குச் சோறு பிசைந்தால் வாயை மூடிக்கொண்டாள். "நீங்க வந்த எடத்துல இதெல்லாம் செய்யக் கூடாதுங்க. எம் பொண்ணு வருவா, அவ ஊட்டுவா." குளிப்பாட்டப் போனால் புடவையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வேற்று ஆள் முன்னால் எப்படி அவிழ்ப்பாள்? துணி நனைந்துவிட்டால் அதை மறைக்க அவள் படும் பாட்டை என்னால் பார்க்க முடியவில்லை. பக்கத்து வீட்டு அக்காவையும் கிட்டே விடவில்லை.

"உங்க பொண்ணு எப்படி இருப்பாங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

அம்மாவின் முகம் மலர்ந்தது. "தலை நெறைய முடிங்க அவளுக்கு. எந் தங்கச்சி முடி. பின்னிவிட்டே என் கை ஓஞ்சு போச்சு. ஒரு நாளும் அதைக் காத்துல விட்டதில்ல நானு." வாசலைப் பார்த்தாள். "இன்னும் வரலையே. நீங்க போற வழியில பாத்தா, அம்மா சாப்புடாம இருக்குன்னு சொல்லுங்க."

சரிங்க, சொல்கிறேன் என்றேன். கொல்லைக்குப் போய்ச் சத்தம் வராமல் அழுதேன். சின்ன வயதில் மண்டை எரிய எரிய இழுத்துக் கட்டியது வெறுப்பு இல்லை என்று அம்மா ஒரு விருந்தாளியிடம் சொல்லிவிட்டாள்.

மார்கழி பிறக்கும்போது அம்மா பாதியாக இளைத்துவிட்டாள். கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. இந்த முடியோடு போனால் பேய், அந்த முடியோடு போனால் விருந்தாளி. பேய் கையாலும் சாப்பிட மாட்டாள், விருந்தாளி கையாலும் சாப்பிட மாட்டாள். அவள் காத்திருப்பது சுருண்ட முடிக்காரி ஒருத்திக்காக. இரண்டு மாதமாக அவளைத் தலையெடுக்க விடாமல் சூடு போட்டு அடக்கி வைத்திருப்பது நான்.

அன்று மதியம் தலைக்குக் குளித்தேன். துவட்டினேன். தண்ணீர் பட்டதுமே முடி பழையபடி வளைய ஆரம்பித்துவிட்டது, எத்தனை சூடு பட்டாலும் புத்தி வரவில்லை அதற்கு. பின்னவில்லை. ரசஞ்சோற்றைக் குழையப் பிசைந்து கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, முடி முதுகெல்லாம் விரிய, அறை வாசலில் போய் நின்றேன். அலறினால் ஓடிவிடத் தயாராக ஒரு காலை வெளியேதான் வைத்திருந்தேன். தெருவில் யாருடைய டிராக்டரோ நின்று உறுமிக்கொண்டிருந்தது.

அம்மா நெடுநேரம் பார்த்தாள்.

"தலைக்கு ஊத்திக்கிட்டியா?"

"ஆமா" என்றேன். பாப்பா என்று சொல்லு, ஒரே ஒரு தடவை சொல்லு என்று உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அம்மா தலையைச் சாய்த்துத் தெருச் சத்தத்தைக் கேட்டாள். முகம் மாறியது. பதறிக்கொண்டு கையை நீட்டினாள்.

"இஞ்சின் ஓடுது பாரு. அங்க நிக்காத. காய்லைன்னாலும் பரவால்ல, இப்படித் தள்ளி வா. வாடி சின்னக்குட்டி!"

எனக்குக் கோபம் வந்தது. செத்து மண்ணாகிப் போனவள் மேல் வந்தது. என் தலையில் முடியாக உட்கார்ந்துகொண்டு, எனக்கு இருந்த ஒரே அம்மாவையும் வாங்கிக்கொண்டு போய்விட்டாளே என்று வந்தது. ஆனால் நீட்டிய கையை அம்மா மடக்கவில்லை. அந்தக் கை அன்றைக்கு நீளவில்லை, அதனால்தான் இவ்வளவும். வாசலைத் தாண்டி உள்ளே வந்தேன். கட்டில் அருகில் போய் அம்மாவின் கையைப் பிடித்தேன்.

"தள்ளி வந்துட்டேன்க்கா."

"வந்துட்டியா?"

"வந்துட்டேன்க்கா. பாரு, ஒண்ணும் ஆகல."

அம்மா என் முடியைத் தொட்டுப் பார்த்தாள். உச்சியிலிருந்து நுனி வரைக்கும் தடவிப் பார்த்தாள், முழுசாக இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி. பிறகு கிண்ணத்தைப் பார்த்தாள்.

"நீ சாப்ட்டியா?"

"இல்லக்கா."

"அப்ப நீ ஒரு வாய், நான் ஒரு வாய்."

அப்படித்தான் சாப்பிட்டோம். கிண்ணம் காலியானது. அன்றைக்குக் குளிப்பாட்டவும் விட்டாள், அக்கா தங்கைக்குள் என்ன வெட்கம்? ஸ்ட்ரெய்ட்னரைத் துணியில் சுற்றிப் பீரோ மேலே போட்டேன். அதன் பிறகு ஒரு நாளும் அதை எடுக்கவில்லை. தினமும் ஈரத் தலையோடு போய் வாசலில் நிற்பேன், அம்மா தள்ளி வரச் சொல்வாள், நான் தள்ளி வருவேன். ஒவ்வொரு தடவையும் அவள் முகத்தில் அந்த நிம்மதி வரும். 'அக்கா' என்று சொல்லிச் சொல்லி எனக்கும் பழகிவிட்டது. பாப்பாவை அவள் மறந்துவிட்டாள், ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

மாசியில், தாளடி நெல் அறுப்பு முடியும் சமயத்தில் அம்மா செத்துப்போனாள். தூக்கத்திலேயே போய்விட்டாள். தம்பி அடுத்த நாள் காலை வந்து சேர்ந்தான். உறவுக்காரப் பெண்கள் வாசலிலேயே தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு வந்து, கட்டிப் பிடித்து அழுதார்கள். நான் மட்டும் எண்ணெய் வைத்து, இழுத்து வாரி, இரட்டைச் சடையாகப் பின்னி, மடித்துக் கட்டியிருந்தேன். அவர்கள் வருவதற்கு முன்பே கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, மண்டை எரியும் வரைக்கும் இழுத்துப் பின்னினேன். இந்த வயதில் இரட்டைச் சடையா என்று சிலர் ஒரு மாதிரி பார்த்தார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா என்னைத் தனியாக இழுத்தார். "தாய் கெடக்குறப்ப இப்படிச் சிங்காரிச்சுக்கிட்டு நின்னா ஊர் சிரிக்கும். தலைய அவுத்து விடு."

"மாட்டேன்" என்றேன்.

அவர் கையை வைத்து அவிழ்க்கப் பார்த்தார், நான் தட்டிவிட்டேன். முடியை விரித்துப் போட்டுக்கொண்டு போனால் நான் அவள் தங்கை. அந்த ஒரு நாளாவது அம்மா பக்கத்தில் நான் அவள் மகளாக நிற்க வேண்டும்.